பேர்னாட் திருத்தி வாசித்த கதை

அருளப்பு என்றொரு பையனைக் கடலிலேயே முடித்துவிடுவதென்று பேர்னாட் தீர்மானம் செய்தார்.

பயப்பட வேண்டாம். அருளப்பு ஒரு கதைப்புத்தகத்துப் பையன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமுள்ள அந்தப் புத்தகத்தில், இருநூற்றோராம் பக்கத்தில், கப்பல் மூழ்கி ஒன்பது மாதம் கழித்து அவன் உயிரோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அந்த அக்கிரமத்தை நடக்கவிடுவதில்லை என்பதுதான் தீர்மானம். தீர்மானம் எடுப்பதில் பேர்னாட்டை மிஞ்சக் கொட்டாஞ்சேனையில் ஆள் கிடையாது. அவை எப்படி முடிந்தன என்பதை அவருடைய மனைவி மெற்றில்டாவிடம்தான் கேட்க வேண்டும்.

பேர்னாட்டுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். கப்பலிலிருந்து இறங்குகிற சாமான்களைக் கப்பல் கடதாசியோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைந்தால் 'குறைவு' என்றும், உடைந்தால் 'சேதம்' என்றும், கூடினால் 'அதிகம்' என்றும் பென்சிலால் எழுதுகிற கிளாக்கர். இருபத்தைந்து வருஷம் இதையே செய்தவருக்கு உலகம் முழுவதும் அப்படித்தான் தெரிந்தது. ஞானஸ்நானம் பெற்றவர், பெரிய கோயிலில் கலியாணம் முடித்தவர், ஆனால் இருபது வருஷமாகக் கோயில் படி மிதிக்காதவர். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"மோட்சம் எண்டு கடதாசியில போட்டிருக்கு. இண்டைவரைக்கும் ஒருத்தரும் இறக்கிக் காட்டேல்லை. நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

கடவுளிடம் மட்டுமல்ல, சாப்பாட்டிலும் அதே கணக்குத்தான். தேங்காய்ப்பால் சொதியில் ஒரு கல் உப்புக் குறைந்தாலும் 'குறைவு' என்று அவர் சத்தம் போடுவது ரொட்டி சுட்டு விற்கிற தெருமுனைப் பாண்கடை முதலாளிக்கும் கேட்கும். அந்தாள் சிங்களவர். அவருக்கே அந்தத் தமிழ்ச் சொல் பாடமாகிவிட்டது.

இனி, சிரிக்க முடியாத பகுதியையும் சொல்லிவிட வேண்டும். பேர்னாட்டுக்கும் மெற்றில்டாவுக்கும் ஒரே பிள்ளை. சிறில். இருபத்திரண்டு வயது. சரக்குக் கப்பலொன்றில் கணக்கெழுதப் போனவன். உலகச் சண்டைக்காலம், யூன் மாதத்தோடு அவன் கடிதம் நின்றுபோனது. ஓகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கப்பல் கம்பனியின் நீலக் கடிதம் பேர்னாட்டின் துறைமுகக் கந்தோர் மேசைக்கு வந்தது. இங்கிலீசில் ஐந்து வரி. கப்பல் குண்டடிபட்டு மூழ்கியது. தப்பியவர்களின் பட்டியலில் உங்கள் மகன் இல்லை. கடலில் மாண்டதாகக் கொள்ள வேண்டும். வருந்துகிறோம்.

பேர்னாட் அதை மூன்று தரம் வாசித்தார். பென்சிலை எடுத்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்ப வைத்தார். கடிதத்தைக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார், பாணும் சொதியும் சாப்பிட்டார், படுத்தார். மெற்றில்டாவுக்கு நெஞ்சு பலவீனம், அதிர்ச்சி ஆகாது என்று டொக்டர் சொல்லி வைத்திருந்தார். அதனால் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. கடிதத்தை அலுமாரிக்கு மேலே, கடவுள் இல்லை என்று நிறுவுகிற தன் இங்கிலீசுப் புத்தகங்களில் மிகத் தடித்ததற்குள் வைத்தார். அந்தப் புத்தகத்தைப் பாவம் என்று மெற்றில்டா தொடமாட்டாள் என்பது அவருடைய நம்பிக்கை. அவருக்கும் சில நம்பிக்கைகள் இருந்தன.

மெற்றில்டாவோ செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்தினாள். காணாமற் போனதைத் தேடித் தருகிற புனிதர் அந்தோனியார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசல் படலையைத் தாண்டுகிற ஒவ்வொரு தரமும் பேர்னாட் பின்னாலேயே நாலடி வந்து நின்றுவிடுவார். சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? சொன்னால் இவளும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இவள் சாகும்வரை மெழுகுதிரி கொளுத்துவாள். இப்படியே செப்ரெம்பர் முடிந்தது.

ஒக்ரோபர் முதலாம் திகதி அந்தப் புத்தகம் வீட்டுக்குள் வந்தது.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"கோயில் வாசிகசாலையில ஒரு புத்தகம் எடுத்தனான்."

"நல்லது. அடுப்பெரிக்கவோ?"

"விறகுக்குத் தட்டுப்பாடுதான், அந்தளவுக்கு இன்னும் வரேல்லை. வாசிச்சுக் காட்டுங்கோ. என்ர கண்ணில பூ விழுந்து எழுத்தெல்லாம் ஓடுது."

"சுவாமியாரிட்டைக் கேளும்."

"நான் சுவாமியாரையே கலியாணம் முடிச்சனான்?"

பேர்னாட் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். 'கடல் திருப்பித் தந்த செல்வன் அல்லது செபமாலையின் மகிமை.' எழுதியவர் பெயர் இல்லை. 'ஒரு பக்தன்' என்று போட்டிருந்தது. அட்டையில் அலைக்கு மேலே ஒரு கை செபமாலையைப் பிடித்திருந்தது. கடல் என்ற சொல்லைப் பார்த்ததும் பேர்னாட் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். அதை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி நையாண்டி.

"சொந்தப் பேரைப் போட வெக்கப்பட்டிருக்கிறான். அதுவரைக்கும் நல்ல மனுசன்."

சண்டைக்கால இருட்டடிப்புக்காக யன்னல்களில் மண்ணிறத் தாள் ஒட்டியிருந்த முன்னறையில், செபமாலை முடிந்த கையோடு, தினமும் ஏழு மணிக்கு வாசிப்பு. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அங்கே விதவை கொன்ஸ்ரன்ஸ் இருந்தாள். வாசிப்புத் தொடங்கினால் அங்கே தையல் மெசின் நின்றுவிடும்.

"'சலோமை என்னும் அம்மாது தாரை தாரையாகக் கண்ணீர் சொரிந்து...' மெற்றில்டா, இது ஏழாவது பக்கம். இது ஏழாவது அழுகை. இந்த மனுசிக்குத் தண்ணி எங்கையிருந்து வருது?"

"நீங்கள் வாசியுங்கோ."

"'அவளுடைய கணவன் சவிரிமுத்து நாஸ்திகன். சாராயத்தால் சிவந்த கண்ணன். வாயில்லாச் சீவனாகிய நாயை அடிப்பவன்.' இது என்ன நியாயம்? கடவுளை நம்பாதவன் நாயை அடிக்க வேணும் எண்டு எந்தச் சட்டத்தில இருக்கு? நான் எப்பவாவது நாயை அடிச்சனானோ?"

"எங்களிட்டை நாய் இல்லையே."

"இருந்தால் அடிப்பனோ?"

"நாயில்லாமல் எப்பிடிச் சொல்லுறது? வாசியுங்கோ."

பேர்னாட் பென்சிலோடுதான் வாசித்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் அந்த நாய் செத்தது. எழுபத்தேழாம் பக்கத்தில் அதே நாய் குரைத்தது. ஓரத்தில் 'நாய், ஒன்று, அதிகம்' என்று எழுதினார். சவிரிமுத்துவின் மனந்திரும்புதலுக்காகச் சலோமையும் ஊராரும் கோயிலில் கூடி மாதக்கணக்காகச் செபிக்கிறார்கள், அது அவனுக்கு மட்டும் தெரியாது என்ற இடம் வந்தபோது புத்தகத்தை மேசையில் போட்டே விட்டார்.

"ஊர் முழுக்கத் தெரிஞ்ச விஷயம் வீட்டுக்காரனுக்குத் தெரியாதாம்! ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ஒன்பது மாசம்! எந்த மடையன் இதை நம்புவான்?"

"கதைதானே," என்றாள் மெற்றில்டா.

பலகைச் சுவருக்கு அப்பால் கொன்ஸ்ரன்ஸ் இருமினாள்.

பத்துநாள் போனது. கதையில் அருளப்பு கப்பலேறினான். பேர்னாட்டுக்குப் பயம் பிடித்தது. ஒரு திங்கட்கிழமை புத்தகத்தைக் கந்தோருக்குக் கொண்டுபோய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முடிவை வாசித்துப் பார்த்தார். கப்பல் தாழ்கிறது. எல்லாரும் சாகிறார்கள். அருளப்புவின் செபமாலை மட்டும் ஒரு பலகையில் சிக்குகிறது. பலகையைப் பிடித்துக்கொண்டு ஆறுநாள், குடிதண்ணீர் இல்லாமல், ஒரு தீவில் ஒதுங்கி, ஒன்பதாம் மாதம் கிறிஸ்து பிறந்த நத்தார் இரவில் வீடு வருகிறான். தலைமயிர் வாரியிருந்தது என்று வேறு எழுதியிருந்தது.

'சீப்பு, ஒன்று, அதிகம்' என்று எழுதியபோது பென்சில் முனை முறிந்தது. கோபமென்றால் அப்படியொரு கோபம். பக்தனே, நீ எங்கேயாவது ஒரு கப்பலைக் கண்டாயா? கடலில் எண்ணெய் எரிவதைக் கேள்விப்பட்டாயா? பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த எத்தனை பெண்கள் இதை வாசித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்தாயா? மெற்றில்டா இதைக் கேட்டால் நத்தார் இரவுக்குச் சிறிலுக்கும் சேர்த்துக் கோப்பை வைப்பாள். வைக்கத்தான் வைப்பாள். அப்போது நான் என்ன செய்வேன்?

அங்கேதான் தீர்மானம் பிறந்தது. அருளப்பு வரக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கொரு துண்டாக, மெற்றில்டாவின் மனம் பழகும்படி, அவனைக் கடலில் விட்டுவிட வேண்டும். சலோமை அந்தச் செய்தியைத் தாங்குவாள். சலோமை தாங்குவதைக் கேட்டால் மெற்றில்டாவும் தாங்குவாள். பிறகு அந்த நீலக் கடிதத்தை எடுக்கலாம்.

ஆனால் பேர்னாட் பிறந்ததிலிருந்து கதை எழுதியவரல்ல. கந்தோர்த் தாளைத் துண்டாக வெட்டி, மத்தியானம் தோறும் எழுதி, அந்தந்தப் பக்கத்துக்குள் செருகினார். சில நாள் எழுதவே வராது, எழுதியதை இரண்டுநாள் கழித்துத் திருத்துவார். அதனால் நாலைந்து நாளைக்கு வேண்டியதை முன்கூட்டியே எழுதிச் செருகிப் புத்தகத்தை வீட்டு அலுமாரியிலேயே வைத்துவிடுவார். மெற்றில்டாவுக்குத்தான் கண் தெரியாதே.

"'மேற்படி கப்பலில் சென்ற மேற்படி அருளப்பு என்பவர், மேற்குறித்த திகதியில்...'"

"இஞ்சாருங்கோ, இந்த இடத்தில பக்தன் கந்தோர்க் கடிதம் மாதிரி எழுதியிருக்கிறாரே?"

"அவர்... களைச்சுப் போனார்."

"பாவம். நேற்று அருளப்பு பிடிச்சிருந்த பலகை எங்க?"

"கை நழுவிட்டுது."

"செபமாலை?"

"அது முதலே போயிட்டுது."

"ம்," என்றாள் மெற்றில்டா. முக்காட்டு நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள்.

இன்னொரு சங்கதியும் நடந்தது. பேர்னாட்டின் தாள்களில் சவிரிமுத்து மெல்ல மெல்ல மாறத் தொடங்கினான். முதலில் கண் வெளுத்தது. பிறகு சாராயம் நின்றது.

"'சவிரிமுத்து நாயின் தலையைத் தடவிக்கொடுத்தான்.'"

"திருந்திட்டானோ?"

"திருந்த என்ன இருக்கு? அவன் எப்பவும் நல்லவன்தான். எழுதினவனுக்கு இப்பத்தான் விளங்கியிருக்கு."

தன் தந்திரம் பலிக்கிறது என்று பேர்னாட்டுக்குத் தெம்பு வந்தது. அதிகமில்லை, ஒரு துளி. பொதுவாகவே அந்தக் காலத்தில் ஊரில் தன் மதிப்புக் கூடியிருப்பதாக அவருக்குத் தோன்றியது. தெருவில் ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பாண்கடை முதலாளி பங்கீட்டுக் கூப்பனுக்கு மேலே கால் றாத்தல் பாண் வைத்து, "கண்ட மாத்தயா, கண்ட" என்று, சாப்பிடுங்கள் ஐயா, சாப்பிடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒஸ்வால்ட். சலூனில் பதினைந்து வருஷமாகக் கடவுள் உண்டென்று பேர்னாட்டோடு மல்லுக்கட்டுகிறவன். ஓகஸ்ட் மாதத்தோடு அவன் வாயடைத்துப் போனான். பேர்னாட் என்ன சொன்னாலும், "ஓம் அண்ணை, நீங்கள் சொல்லுறதும் சரிதான்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒஸ்வால்ட் தோத்துப்போனான்," என்று பேர்னாட் வீட்டில் வந்து சொன்னார். "பதினைஞ்சு வருஷம் எடுத்துது."

"அப்பிடியே?" என்றாள் மெற்றில்டா.

கொன்ஸ்ரன்ஸின் கொடியில் ஒரு கறுப்புச் சேலை அடிக்கடி காய்ந்தது. அதுவும் அவர் கண்ணில் பட்டது. கப்பல் சாமானில் ஒரு ஆணி குறைந்தால் கண்டுபிடிக்கிறவராயிற்றே.

"கொன்ஸ்ரன்ஸுக்கு ஆர் செத்தது?"

"அவவின்ர சித்தப்பா ஒராள்."

"போன மாசமும் சித்தப்பா எண்டுதானே சொன்னீர்?"

"அது வேற சித்தப்பா."

பேர்னாட் திருப்தியாகத் தலையாட்டினார். பெரிய குடும்பம் போலும்.

ஒக்ரோபர் கடைசி வந்தது. அருளப்புவைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடிதம் சவிரிமுத்துவின் கைக்கு வந்துவிட்டது. இனி ஒரேயொரு தாள் பாக்கி. சவிரிமுத்து சலோமையிடம் சொல்ல வேண்டும், சலோமை ஏதோ சொல்ல வேண்டும். அந்தத் தாளைப் பேர்னாட் மூன்று மத்தியானம் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். சலோமை அழுதாள் என்று எழுதினார், வெட்டினார். விழுந்தாள் என்று எழுதினார், உடனே அழித்தார், தாள் கிழியும்வரை அழித்தார். புதுத் தாள் வெட்டினார். அதில் ஒரு சொல்லும் வரவில்லை, வெறுந்தாளாகவே செருகிவைத்தார். மெற்றில்டாவோடு இருபத்துநாலு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு, இப்படி ஒரு செய்தி கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று தெரியவில்லை.

நவம்பர் முதலாம் திகதி மெற்றில்டா நேரத்தோடு விளக்கை ஏற்றிவிட்டாள்.

"நாளைக்கு மரிச்ச ஆத்துமாக்கள் திருநாள். அதுக்கு முதல் கதையை முடிச்சுப்போடுங்கோ."

"ஏன் அவசரம்?"

"மாசக்கணக்காச்சு. இனியும் இழுக்கேலாது."

அவர் வாசித்தார். "'சவிரிமுத்து குசினி வாசலில் வந்து நின்றான். சலோமை அடுப்படியில் இருந்தாள். கடிதம் அவன் சட்டைப்பையில் இருந்தது. அவன் வாயைத் திறந்து...'" தாளைத் திருப்பினார். அடுத்தது அந்த வெறுந்தாள்.

"வாயைத் திறந்து?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அடுத்த பக்கத்தைப் பாருங்கோ."

"அவ்வளவுதான். கதை முடிஞ்சுது."

"இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எண்டு முதல்நாள் முறைப்பட்டீங்களே. இது எத்தனையாம் பக்கம்?"

பேர்னாட் பக்க எண்ணைத் தேடினார். புத்தகம் மடியிலிருந்து நழுவி விழுந்தது. தாள்த்துண்டுகள் நிலமெல்லாம் பரந்தன. அவர் அவற்றைப் பொறுக்கக் குனிந்தார், குனிந்தபடியே நின்றார்.

"மெற்றில்டா."

"ம்."

"எங்கட பிள்ளை... தம்பி வரமாட்டான், மெற்றில்டா. கப்பல் மூழ்கிட்டுது. கடிதம் வந்தது. நான்தான்..."

அதற்குமேல் வரவில்லை. ஐம்பத்தொரு வயது மனிதர் நிலத்தில் உட்கார்ந்து, கதைப்புத்தகத்துச் சலோமையைவிட மோசமாக அழுதார். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. மெற்றில்டா பக்கத்தில் வந்து இருந்து, அவருடைய தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். விழுவாள் என்று அவர் பயந்தவள் விழவில்லை.

"சலோமை என்ன சொன்னாள் எண்டு நான் சொல்லட்டே?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஓகஸ்ட் மாசமே தெரியும் எண்டு சொன்னாள்."

"எ... எப்பிடி?"

"அந்த வெள்ளிக்கிழமை நான் சொதிக்கு உப்புப் போட மறந்துபோனன். நீங்கள் சத்தம் போடாமல் முழுக்கக் குடிச்சீங்கள். இருபத்துநாலு வருஷத்தில அப்பிடி நடக்கேல்லை. எனக்கு நெஞ்சு திக்கெண்டுது. நீங்கள் படுத்தாப்போல கோட்டுப் பையைப் பாத்தனான். விடிய உங்கட கண் முழிக்க முதல் கோயிலுக்குக் கொண்டு ஓடினன், சுவாமியார் வாசிச்சுச் சொன்னார். திரும்பக் கொண்டுவந்து வைச்சனான்."

"கொச்சிக்கடைக்குப் போனீரே, செவ்வாய் செவ்வாய்?"

"அவன்ர ஆத்துமத்துக்குப் போனனான்."

"அப்ப வேற ஆருக்குத் தெரியும்?"

"முப்பதாம் நாள் பூசை ஒப்புக்குடுத்தது. திங்கட்கிழமை திங்கட்கிழமை மரிச்சவையின்ர பேர் வாசிக்கிறவை, அதில தம்பியின்ர பேரும் இருக்கு. உங்களைத் தவிரக் கொட்டாஞ்சேனையில எல்லாருக்கும் தெரியும். நீங்கள் கோயிலுக்கு வாறேல்லையே, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பேர்னாட்டுக்கு ஒவ்வொன்றாக இறங்கியது. கழற்றிய தொப்பிகள். கால் றாத்தல் பாண். தோற்றுப்போன ஒஸ்வால்ட். கொடியில் காய்ந்த கறுப்புச் சேலை.

"கொன்ஸ்ரன்ஸின்ர சித்தப்பாமார்?"

"சேலை என்ர. கோயிலுக்குப் போகேக்க அவவின்ர வீட்டில உடுத்து, வரேக்க மாத்திக்கொண்டு வாறனான். அழுறதும் அங்கதான். நீங்கள் கந்தோருக்குப் போனாப்போல, பத்து மணிக்கு." அவள் நிலத்தில் கிடந்த தாள் ஒன்றை எடுத்து மடித்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உமக்கு நெஞ்சு பலவீனம் எண்டு டொக்டர்..."

"அதே டொக்டர்தான் உங்களுக்குப் பிறசர், அதிர்ச்சி ஆகாது எண்டு எனக்கும் சொன்னவர்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீங்கள் அழேல்லை," என்றாள் மெற்றில்டா. "அதுதான் எனக்குப் பயம். ஒரு சொட்டும் அழேல்லை. சுவாமியாரிட்டைச் சொன்னன். அவர் தேடி இந்தப் புத்தகத்தைத் தந்தவர். கடல் இருக்கு, மகன் இருக்கு, நம்பிக்கையில்லாத தகப்பன் இருக்கு, வாசிச்சால் மனுசன் உடைஞ்சு அழும் எண்டார். நீங்கள் என்னடாவெண்டால் நாயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டீங்கள்."

"அப்ப இந்தத் தாள்..."

"கொன்ஸ்ரன்ஸ் புத்தகம் முழுக்க எனக்கு முதலே வாசிச்சவ. உங்கட தாளையும் நீங்கள் கந்தோருக்குப் போனாப்போல எடுத்து வாசிச்சுச் சொல்லுவா. நாளைக்குப் பலகை போகும், நாளையிண்டைக்குச் செபமாலை போகும் எண்டு எல்லாம் தெரியும். தம்பி போறதை நான் ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் கேட்டனான். வெறுந்தாளைக் கண்டாப்போலதான், இனி இந்த மனுசன் சொல்லிப்போடும் எண்டு விளங்கிச்சு."

பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து, மூக்கடைத்த குரலொன்று வந்தது. "குறை நினைக்காதேங்கோ பேர்னாட் அண்ணை. கடைசிப் பக்கத்துக்குக் கிட்ட நல்லா எழுதியிருந்தீங்கள். அந்தப் பக்தனைவிடத் திறம்."

பேர்னாட் சுவரைப் பார்த்தார். எந்த மடையன் நம்புவான் என்று தான் கேட்டது நினைவுக்கு வந்தது. அந்த மடையனுக்கு இப்போது முகம் கழுவ வேண்டியிருந்தது.

கழுவிக்கொண்டு வந்தார். மெற்றில்டா மேசையில் பாணை வெட்டி வைத்து, சொதியை ஊற்றினாள். வீட்டுக்குள்ளேயே கறுப்புச் சேலை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மூன்றாவது கதிரை சுவரோரம் இருந்தது.

"அண்டையிலயிருந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உப்பில்லாமல் சொதி வைச்சுப் பாத்தனான்," என்றாள். "சத்தம் போட்டால் மனுசன் பழையபடி வந்திட்டுது எண்டு அறியலாம்தானே. பதினொரு வெள்ளிக்கிழமை. நீங்கள் வாய் திறக்கேல்லை."

பேர்னாட் கோப்பையைக் கையில் எடுத்தார். பதினொரு கிழமையாக இந்தப் பெண்பிள்ளை உப்பில்லாத சொதியை வைத்து, எதிரே இருந்து, தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாவி மனுசி, தன் துக்கத்தைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு என் துக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள். இவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும். ஒரு நிம்மதி கொடுக்க வேண்டும். அந்த இடத்திலேயே பேர்னாட் இன்னொரு தீர்மானம் செய்தார்.

ஒரு மிடறு குடித்தார். கோப்பையை மேசையில் டொக்கென்று வைத்தார். நெற்றியைச் சுருக்கினார். பாண்கடைவரை கேட்கும்படி, பழைய குரலில் சத்தம் போட்டார்.

"இதென்ன மெற்றில்டா, இது சொதியோ, கழனித் தண்ணியோ? உப்புக் குறைவு!"

மெற்றில்டா அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"இண்டைக்கு உப்புப் போட்டனான்," என்றாள்.